காந்தாரி அடிக்காமல் விட்ட ஆள்

இன்ஸ்பெக்டருக்குக் கையில் அரிப்பு. ஜாடையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அரிப்பு. இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கரப்பான் படர்ந்து தோல் வெடித்திருக்கும். எந்நேரமும் ஜீப்புச் சாவியால் வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டே இருப்பார். சொறிந்த சாவியை அப்படியே மேசைமேல் வைப்பார். எதிரில் நிற்கிறவன் அதைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியாக வேண்டும். தீர்த்தகிரி மூன்று தடவை ஸ்டேஷனில் அப்படி நின்றுவிட்டு வந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்ததும் முதல் காரியமாகக் காறித் துப்பிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினான்.

அவன் போனது, காணாமல் போன கூட்டாளி முனிவேலைக் கேட்டு.

தீர்த்தகிரிக்கு ஓசூரில் நட்டு போல்ட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டும் வேலை. ஊர் பாகலூருக்கு அந்தாண்டை, கர்நாடக எல்லைக் கல்லுக்குக் கூப்பிடு தூரத்தில். வைகாசியில் ஊர்த் திரௌபதியம்மனுக்குப் பாரதக் கூத்து நடக்கும்போது அவனுக்குக் காந்தாரி வேஷம். முனிவேலுக்குக் கட்டியக்காரன் வேஷம். மேடையில் யாரை வேண்டுமானாலும் நக்கலடிக்கக் கட்டியக்காரனுக்கு உரிமை உண்டு. ராஜாவாகட்டும், ஊர்ப் பெரியமனுஷனாகட்டும், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் அது எமர்ஜென்சி வருஷம். அந்த வைகாசிக்கு முந்தைய மார்கழி வரைக்கும் இந்த எல்லைக் கல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்தப் பக்கம் பெங்களூரில் போலீஸ் தேடுகிறவன் எல்லாம் இந்தப் பக்கம் வந்து ஓசூர் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் தும்மினால் மிசா, இந்தப் பக்கம் தும்மினால் சளி என்பான் முனிவேல். தை மாசத்தில் இங்கேயும் ஆட்சியைக் கலைத்தார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே நாற்றம்தான். டீக்கடையில் பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கம்பெனியில் சங்கத்துப் பலகையைக் கழற்றி, அதைக் கேன்டீனில் அரிசி மூட்டைக்கு அடியில் போட்டார்கள். வெள்ளை வேன் ஒன்று ஊர் ஊராக வந்து, குடும்பக் கட்டுப்பாடு என்று சொல்லி, கல்யாணமாகாத பையன்களைக்கூட ஏற்றிக்கொண்டு போனது. வேன் ஓட்டியவனுக்கு ஆளெண்ணிக்கைதான் முக்கியம். சீ, இதையெல்லாம் நினைத்தாலே வாய் கசக்கிறது.

இந்த லட்சணத்தில்தான் கூத்து தொடங்கியது. முதல் நாளே திருதராஷ்டிரன் சபையில் முனிவேல் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"நம்ம ராஜாவுக்குக் கண்ணு தெரியாதுங்கோ. அதனால ராணியம்மா கண்ணக் கட்டிக்கிச்சு. இப்ப நாடே கண்ணக் கட்டிக்கணும்னு உத்தரவு. அடுத்தது வாயக் கட்டணுமாம். அதுக்கும் அடுத்தது, வெள்ளை வேன்ல டாக்டர் வராரு, இடுப்புக்குக் கீழ கட்டறதுக்கு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் கோயில் தர்மகர்த்தா சென்னகிருஷ்ணன். ஊரிலேயே பெரிய மாந்தோப்பும், ஊருக்கு வெளியே ரோட்டோரம் மாங்காய் குடோனும் வைத்திருக்கிறவர். சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஏரிக்கரைக்குப் போன முனிவேல் வீடு திரும்பவில்லை.

அந்த நக்கலை எழுதிக்கொடுத்தது தீர்த்தகிரி. கேன்டீனில் டீ குடிக்கும்போது சொன்னான், முனிவேல் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"எங்க ஸ்டேஷன்ல அப்படி ஒரு ஆளே இல்லையேப்பா" என்றார் இன்ஸ்பெக்டர். "பொண்டாட்டிகூட சண்டையா இருக்கும். பெங்களூர்ல போய்த் தேடு." சாவியால் முழங்கையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஆமா, அந்த வசனத்த அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

மூன்று தடவையும் கடைசியில் இதே கேள்விதான். இல்லாத ஆளைப் பற்றி எதற்கு இந்தக் கேள்வி? தீர்த்தகிரிக்கு அதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்தது. முனிவேல் இவர்கள் கையில்தான் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். அடி தாங்கிக்கொண்டு இன்னும் பெயரைச் சொல்லாமலும் இருக்கிறான். நான்தான் சார் சொன்னேன் என்று அந்த மேசையில் கையை ஊன்றிச் சொல்ல மூன்று தடவையும் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இரண்டு பேரும் காணாமல் போவார்கள், அவ்வளவுதான். இது நியாயமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. அதனால்தான் துப்பினான்.

முனிவேல் மனைவி கெம்பம்மா வீட்டுக்கு தினமும் வந்து ஆறுதல் சொன்னவர் யார் என்கிறீர்கள்? சென்னகிருஷ்ணன். "கவலப்படாதம்மா, நான் மேல பேசிக்கினு இருக்கறேன்" என்பார். ஒரு படி ராகியும் வைத்துவிட்டுப் போவார்.

கூத்தை அன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தாததற்குக் காரணம் அந்த அரிப்பு.

பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளம். கோயில் மைதானத்தில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கிற துரியோதனனை ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிதாகச் செய்து வைப்பார்கள். பட்டப்பகலில் பீமன் வந்து தொடையைப் பிளந்து முடிந்ததும் காந்தாரி வருவாள், கையில் பழைய முறமும் துடைப்பமுமாக. பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் ஆங்காரத்தில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் சாத்துவாள். அந்த அடியை வாங்கத்தான் சுற்று வட்டாரமே வரும். தீராத நோய், பிள்ளையில்லாத குறை, பிடித்த பீடை, எல்லாம் காந்தாரி துடைப்பத்தில் போய்விடும் என்று நம்பிக்கை. ஈரத்துணியோடு வரிசையாக மண்டியிடுவார்கள். "எம்மவன் எங்கே?" என்று காந்தாரி கேட்பாள். "மண்ணுல கெடக்கறான் தாயி" என்று சொல்ல வேண்டும். ஒரு அடி விழும்.

அடி விழாமல் காந்தாரி தாண்டிப் போய்விட்டாளோ, வந்தது வந்தபடி ஒரு வருஷம் உடம்பிலேயே தங்கிவிடும். வேறு யார் அடித்தாலும் செல்லாது. வேஷக்காரன் முகத்தில் அரிதாரம் இருக்கும் வரைதான் அவன் காந்தாரி. எண்ணெய் தொட்டு அழித்துவிட்டால் அவனும் வெறும் ஆள். அதனால் வேஷக்காரர்கள் ஒரு சின்னச் சீசாவில் தேங்காயெண்ணெயை இடுப்பிலேயே செருகி வைத்திருப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் மனைவி சாந்தம்மா, கரப்பானுக்காகக் காந்தாரி அடி வாங்குவதாகப் புருஷன் பேரில் வேண்டிக்கொண்டிருந்தாள். பெங்களூர் டாக்டர்கள் களிம்பு கொடுத்துக் கொடுத்துக் கைகழுவிவிட்டிருந்தார்கள். ஆக, கூத்து நடக்கலாம் என்று உத்தரவு வந்தது. கட்டியக்காரன் மட்டும் கூடாது. மேடைப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஊரை அடக்க ஒரு கை வேண்டும், அந்தக் கை குணமாக ஊர்ச் சாமி வேண்டும். த்தூ!

படுகளத்தன்று காலையில் வேஷக் கொட்டகையில் கூத்து வாத்தியார் கரியப்பன் ஒரு புதுத் துடைப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். தீர்த்தகிரி வாங்கினான். கை கீழே இழுத்தது. ஈர்க்குக்கு நடுவில் கம்பெனிப் பையன்கள் இரும்புக் கம்பியைச் செருகிக் கட்டியிருந்தார்கள்.

"ஆசை தீரப் போடுப்பா" என்றார் கரியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு. "காந்தாரி அடிச்சா யாரும் கேஸ் போட முடியாது. அவனே வந்து குனியறான், உடுவமா?"

தீர்த்தகிரிக்கும் அதே ஆசைதான். பத்து நாளாக அந்தக் கையை, அந்தச் சாவியை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. ஓங்கி ஒன்று வைத்தால்தான் இறங்கும் என்று இருந்தான்.

கெம்பம்மா கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வந்து துடைப்பத்தை வாங்கிக் கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா, இதால அடிச்சா அவனுக்கு வலிக்குமா?"

"எலும்பு போயிடும் கெம்பம்மா."

"போவட்டும். ரெண்டு மாசத்துல கூடிக்கும். ஆனா காந்தாரி அடிச்சது அடிச்சதுதானே? கரப்பான் போயிடும். பீடை போயிடும். வருத்தமில்லாம வூட்டுக்குப் போயி வயிறாரத் தின்னுவான்." அவள் கம்பியை உருவிக் கீழே போட்டாள். "எம் புருஷன் எங்க கெடக்குதோ. அவனுக்குப் போயி நீ நல்லது பண்ணப் போறியா?"

கரியப்பன் குனிந்து கம்பியைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். தீர்த்தகிரி துடைப்பத்தை மறுபடி இறுக்கிக் கட்டினான். காந்தாரியின் கண்துணியைக் கண்ணை மறைக்காமல் நெற்றிக்குமேல் கட்டிக்கொண்டான்.

உச்சி வெயிலில் மண் துரியோதனனின் தொடை பிளந்தது. உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. பறையும் மத்தளமும் ஓய்ந்தன. காந்தாரி தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு களத்துக்குள் வந்தாள்.

வரிசையைப் பார்த்தபோது அந்தத் துக்கத்திலும் தீர்த்தகிரிக்குச் சிரிப்பு முட்டியது. இன்ஸ்பெக்டர் சட்டை, பெல்ட்டு, துப்பாக்கி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் சாந்தம்மா. அவர் மண்டியிட்டதைப் பார்த்து, கூட வந்த கான்ஸ்டபிள்களும் ஆளுக்கொரு வேண்டுதலை வைத்துக்கொண்டு ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். லத்தியும் தொப்பியும் புளியமரத்தடியில் குவிந்து கிடந்தன. சென்னகிருஷ்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் தலைக்கு வெயில் படாமல் நின்றார்.

"மெதுவா, தீர்த்தகிரி. பூவால தட்டற மாதிரி" என்று முணுமுணுத்தார்.

காந்தாரி ஒவ்வொருவராகக் கேட்டு, அடித்து, நகர்ந்தாள். இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள். அவர் இரண்டு கையையும் நீட்டினார். செதில் செதிலாக வெடித்து, சொறிந்த இடமெல்லாம் நீர் வடிந்த கை. அந்தக் கை முனிவேல்மேல் எங்கெல்லாம் பட்டிருக்கும் என்று தீர்த்தகிரிக்குத் தோன்றியது.

"எம்மவன் எங்கே?"

"மண்ணுல கெடக்கறான் தாயி" என்றார் இன்ஸ்பெக்டர் பவ்வியமாக. கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை.

"நூறு புள்ளைங்க கணக்கு எனக்குத் தெரியும்" என்றாள் காந்தாரி. குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "இந்த ஊர்ல ஒரு புள்ள கொறையுது. சிரிக்க வெக்கிற புள்ள. எம்மவன் முனிவேல் எங்கே?"

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார்.

"டேய்" என்றார் பல்லுக்குள்ளேயே. "ஒழுங்கா அடிச்சிட்டுப் போ. உன்ன அப்புறம் கவனிச்சிக்கறேன்."

காந்தாரி துடைப்பத்தை ஓங்கினாள். அவர் சட்டென்று தலையைக் குனிந்தார், ஆசையாக. அந்த ஆசையைப் பார்த்ததும் தீர்த்தகிரிக்கு மிச்சமிருந்த தயக்கமும் போய்விட்டது. இந்த ஆளுக்கா அடி? துடைப்பத்தை மெல்ல இறக்கினான். அவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் போனான்.

கூட்டத்திலிருந்து "அய்யய்யோ" என்று ஒரு சத்தம் எழும்பியது. காந்தாரி தாண்டிவிட்டாள். பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர்கள் இன்ஸ்பெக்டரை விட்டு முட்டியாலேயே நகர்ந்தார்கள். சென்னகிருஷ்ணனின் குடையும் ஒரு அடி பின்னால் போனது.

அடுத்த ஆள் சாந்தம்மா.

"அம்மா, எம்மவன் முனிவேல் எங்கே?"

"சாந்தா, வாயத் தொறக்காதே" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். வரிசைக்கு எதிரில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற கெம்பம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"மாங்கா குடோன்ல தாயி! இவரு குடோன்லதான்!" என்று சென்னகிருஷ்ணனைக் கை காட்டினாள். "தெனம் நாந்தான் சோறாக்கிக் குடுத்தனுப்பறேன். பாதிச்சோறு திரும்பி வருது தாயி, நேத்து முழுசும் திரும்பி வந்திச்சி. என்ன உட்டுடாத!"

காந்தாரி அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள், பட்டும் படாமல். அவள் நிமிர்ந்து கும்பிட்டாள்.

கெம்பம்மா சென்னகிருஷ்ணனைப் பார்த்து இரண்டடி நடந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். "நாச்கெ இல்வா நினகெ?" என்றாள். வெட்கமில்லையா உனக்கு. "எம் புருஷன அடைச்சி வெச்சிக்கினு எனக்கு ராகி குடுத்தியே, அத நான் தின்னனே!" விரலை வாய்க்குள் விட்டுக் குமட்டினாள். சென்னகிருஷ்ணன் குடையைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தார். கூட்டம் வழிவிடவில்லை.

களத்தைப் பெருக்கக் கொண்டுவந்த துடைப்பத்தோடு பெண்கள் குடோனைப் பார்த்து முன்னால் நடந்தார்கள், ஊர் பின்னால் போனது. இன்ஸ்பெக்டர் "புடிங்கடா அவங்கள" என்று கத்தினார். கான்ஸ்டபிள்கள் ஈரத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் அடி விழவில்லை. காந்தாரியைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்?

குடோன் பூட்டைக் கடப்பாரையால் நெம்பினார்கள். கதவு திறந்ததும் பழுக்கிற மாம்பழ வாசனையும் அதற்கு அடியில் மூத்திரமும் சீழும் கலந்த ஒரு வீச்சமும் முகத்தில் அறைந்தன. தீர்த்தகிரி வாசலிலேயே வாந்தி எடுத்தான். பழம் பழுக்கப் போட்ட வைக்கோலுக்குப் பின்னால் முனிவேல் கிடந்தான். ஒரு கண் திறக்கவில்லை. வலது கை விரல்கள் பக்கத்துக்கு ஒன்றாகத் திரும்பியிருந்தன. மேலே ஈ மொய்த்தது. அவனைச் சுற்றி முதல் தர மல்கோவா கூடை கூடையாக, பெங்களூருக்கு அனுப்பத் தயாராக, காகிதம் சுற்றி அடுக்கியிருந்தது. ஒரு மனுஷன் அழுகுகிறான், பழத்துக்குக் காகிதம் சுற்றியிருக்கிறார்கள்!

தீர்த்தகிரி பக்கத்தில் போய் உட்கார்ந்தான். முனிவேல் திறந்த ஒற்றைக் கண்ணால் அந்தப் புடவையை, அரிதாரத்தை, நெற்றிக்கு ஏறிய கண்துணியைப் பார்த்தான். உதடு அசைந்தது. முன்பல் இரண்டும் இல்லை.

"ஏம்மா காந்தாரி" என்றான், காற்றுப் போகிற குரலில். "கண்ணக் கட்டிக்கினே நடந்து வந்தியா? இவ்ளோ நேரம்."

தீர்த்தகிரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முனிவேல் அவன் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"சொல்லலடா" என்றான் காதில்.

குடோன் வாசலில் நின்ற மாங்காய் லாரியிலேயே அவனை ஏற்றினார்கள். கெம்பம்மா மடியில் தலை. ஊரில் பாதி லாரியில் ஏறிக்கொண்டது, ஓசூர் ஆஸ்பத்திரிக்கு. இத்தனை பேர் பார்த்த பிறகு அப்படி ஒரு ஆளே இல்லை என்று எவன் சொல்ல முடியும்? லாரி திருப்பம் தாண்டும் வரை தீர்த்தகிரி ரோட்டிலேயே நின்றான். ஓடவில்லை. ஓடினால், தான் கிடைக்காத ஆத்திரத்தில் லாரியைத் துரத்துவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஜீப்பு வந்து நின்றபோது இன்ஸ்பெக்டர் பட்டனைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தார். "அந்த வசனம் நான் சொல்லிக் குடுத்தது சார்" என்றான் தீர்த்தகிரி, அவர் கேட்பதற்கு முன்னாலேயே. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. பின் சீட்டில் அவனைத் தள்ளிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மிசாவில் ஒருத்தனை உள்ளே தள்ளக் காரணம் எழுத வேண்டிய அவசியம்கூட அந்தக் காலத்தில் இல்லை.

ஜீப்பு பாகலூர் தாண்டியது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் இன்ஸ்பெக்டர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்து மடியில் வைத்தார். தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தான். களத்தில் அவன் போட்டுவிட்டு வந்த துடைப்பம்.

"தீர்த்தகிரி" என்றார். அந்தக் குரலை அவன் ஸ்டேஷனில் கேட்டதே இல்லை. "வேஷம் இன்னும் கலையல இல்ல? ஒண்ணு போட்டுடு. ஒரே ஒண்ணு. உன் விஷயத்த நான் பாத்துக்கறேன். கையெழுத்து வாங்கிக்கினு உட்டுடச் சொல்றேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லப்பா எனக்கு." அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டினார். துடைப்பக் கட்டையை அவன் விரலுக்குள் திணித்தார்.

தீர்த்தகிரி துடைப்பத்தைப் பார்த்தான். ஒரு தட்டுத் தட்டினால் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கையிலிருந்து ஒரு செதில் உதிர்ந்து அவன் புடவையில் விழுந்தது. அவன் அதைச் சுண்டி எறிந்தான். துடைப்பத்தை ஜீப்பின் தரையில் போட்டான். இடுப்பில் தடவி, செருகியிருந்த சீசாவை எடுத்து, எண்ணெய் முழுவதையும் உள்ளங்கையில் கவிழ்த்தான்.

"டேய், வேணாம்டா! டேய்!" இன்ஸ்பெக்டர் அவன் மணிக்கட்டைப் பிடிக்க வந்தார். கரப்பான் கை எண்ணெயில் வழுக்கியது.

தீர்த்தகிரி நிதானமாக நெற்றியிலிருந்து தொடங்கினான். கன்னம், மூக்கு, மோவாய் எல்லாவற்றையும் அழுத்தித் தேய்த்து, காந்தாரியின் முந்தானையாலேயே துடைத்தான். அரிதாரத்து மஞ்சள் மொத்தமும் துணியில் வந்தது. துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தன் சொந்த முகத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"கலைஞ்சிபோச்சி சார்" என்றான். "அடுத்த வைகாசிக்கு வாங்க."